மொள்ள அடி, மாப்ளே

சே. ம. சூ.

சேலம்,
12.8.1979

அன்புள்ள சென்னிமலை அண்ணனுக்கு,

ராயப்பன் எழுதுவது. நானும் அன்னாளும் பிள்ளைகளும் சுகம். அங்கே அண்ணியும் நீங்களும் உங்கள் கோழிகளும் சுகமாக இருப்பீர்கள்.

அவசரமாக எழுதுகிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் சேலத்தில் மேற்கு மண்டல விளையாட்டு விழா நடக்கிறது. ஓட்டம், கபடி, கைப்பந்து எல்லாம் உண்டு. எங்கள் மில் ஆபீசில் அதற்கு இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பேட்மிண்டன், ஆண்கள் குழு, குழுவுக்கு ஐந்து பேர் என்று அதில் பார்த்தேன். மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "ராயப்பன், நீ ஊரில் பேட்மிண்டன் ஆடினவனாமே. உங்க ஆட்களைக் கூட்டிக்கிட்டு வா. நல்லா ஆடுற ஆள் இருந்தா மில் டீமுக்கு எடுத்து வேலையும் போடலாம்" என்றார். நான் உடனே மருதாசலத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அண்ணா, உங்கள் மச்சினனின் மணிக்கட்டு போல இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடையாது. கிணறு வற்றியதிலிருந்து அவன் கூலிக்கு அலைவதைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. இங்கே ஸ்டோரில் என் கீழ் ஓர் இடம் காலியாகிறது. அது அவனுக்குக் கிடைத்துவிட்டால், வசந்தாமணியை அவனுக்குக் கொடுக்க அவள் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

நீங்கள், மருதாசலம், ஆட்டு வியாபாரி அண்ணன் தம்பி, ஐந்தாவதாக நான். பழைய குழுவே போதும். பேர் கொடுத்துவிடவா?

அன்புத் தம்பி,
ராயப்பன்


உ
சே. ம. சூ.

ஓலப்பாளையம்,
ராசிபுரம் வழி,
20.8.1979

ராயப்பா, சாமி,

மேலே ரெண்டையும் போட்டிருக்கிறேன் பார். என் பிள்ளையார் கண்ணயர்ந்தாலும் உன் சேசு, மரி, சூசை மூன்று பேரில் ஒருத்தராவது முழித்திருப்பார்கள்.

உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் படித்துக் காட்டட்டுமா என்றார். நான் அஞ்சாவது வரைக்கும் போனவனாக்கும் என்று பிடுங்கிக்கொண்டேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். கோழிப் பண்ணைக்காரன் கையெழுத்து வேறு எப்படி இருக்கும், நீயே சொல்லு.

நோட்டீஸ் இங்கிலீஷில் இருக்கிறது என்று என்னைப் பயமுறுத்துகிறாய். பேட்மிண்டன் இங்கிலீஷா? நான் தமிழ் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். அஞ்சு பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, வலை. இதைத் தெரியாதவன் நம் ஊரில் இருக்கிறானா? பேர் கொடுத்துவிடு. அரிசி மண்டிச் சுவரில் இப்போதே எழுதச் சொல்லிவிட்டேன், சேலம் போகிறோம் என்று.

மருதாசலத்திடம் சொன்னேன். "ஏனுங் மாமா, நெசமாலுமா? வெளையாட்டுக்குச் சொல்றீங்களா?" என்று பத்துத் தடவை கேட்டான். என்னை நம்பாதது அவன் தப்பில்லை. போன மாசம் அவனுக்கு ராசாங்கத்தில் வேலை வந்திருக்கிறது என்று சொல்லிக் காலையிலேயே குளிக்க வைத்துவிட்டேன்.

வேலை கிடைத்தால் நல்லது சாமி. வசந்தாமணியின் அப்பா, அத்தனூர் சின்னுசாமி, பிடிவாதமாக இருக்கிறார். "மாசம் பொறந்தாச் சம்பளம் வாங்கற கைல தானுங்க புள்ளையக் குடுப்பேன். மழைய நம்பற கைல குடுக்க மாட்டேன்" என்று என் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார். வசந்தாமணி தைமாசம் வரைக்கும் அப்பனுக்குச் சாக்குச் சொல்லித் தாக்காட்டுவதாக என் வீட்டுக்காரி பாவாயியிடம் சொல்லியிருக்கிறாள். பாவாயிக்குத் தம்பி என்றால் உயிர். நான் எல்லாம் அப்புறம்தான். கோழி கூட எனக்கு முன்னால்தான்.

ஆட்டத்தில் என் வேலை உனக்குத் தெரியும். பின்னால் நின்று நாலு பந்து எடுப்பேன், நாற்பது பேச்சுப் பேசுவேன். எதிராளி சிரித்தால் அவன் கை தவறும். நம்மாள் சிரித்தால் நம்மாள் கை இளகும். ரெண்டும் நமக்குத்தான் பாயிண்ட். புதுப் பந்து அரை டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். வாரோம்.

சென்னிமலை


சே. ம. சூ.

சேலம்,
9.10.1979

திரு. சென்னிமலை அவர்களுக்கு,

நடந்ததை நீங்கள் ஊரில் வேறு மாதிரி சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாம் பையிலிருந்து மஞ்சள் பந்தை எடுத்தபோது அந்த அரங்கம் முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்த்தது. அங்கே ஆடுவது ஷட்டில். பேட்மிண்டன் என்றால் அவர்களுக்கு அந்த இறகுப் பந்துதான். நம்முடையதற்கு பால் பேட்மிண்டன் என்று அவர்கள் தனிப் பேர் வைத்திருக்கிறார்கள். மில்லுக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போகாத எனக்கு அது தெரியாது. என் தவறு. அங்கேயே ஒப்புக்கொண்டேன். மானேஜரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று கெஞ்சினேன். "வந்தது வந்துட்டோம், மட்டை ஓசில குடுக்கறாங்க, அடிச்சுத்தான் பாப்பமே" என்றது நீங்கள்.

ஆட்டுக்காரச் சகோதரர்கள் தோற்றார்கள். நீங்களும் நானும் சேர்ந்து ஆடியதில் நமக்கு ஒரு பாயிண்ட்கூட இல்லை. நீங்கள் அதற்கும் கை கூப்பிக் கும்பிட்டீர்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பொறுத்துக்கொண்டேன்.

பிறகு மருதாசலம் இறங்கினான். முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதில் அந்த இறகு அவன் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. மானேஜர் என் பக்கம் சாய்ந்து, "இவனுக்கு ஆறு மாசம் குடுத்தாப் போதும்யா" என்றார். பதினான்கு, பன்னிரண்டு. ஒரு பாயிண்ட் வந்தால் அந்த ஆட்டம் அவனுக்கு. அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவன் சர்வீஸ் போடக் கையை எடுத்தான். அப்போது நீங்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினீர்கள்:

"மொள்ள அடி மாப்ளே, முட்ட வெச்சுரப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். இறகு வலையில் விழுந்தது. அப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு தடவை அந்த இறகைக் கையில் எடுக்கும்போதும் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தோற்றான்.

மானேஜர் எழுந்து போகும்போது சொன்னார்: "ஆட்டத்துல சிரிக்கிறவன் மெஷின் பக்கத்துலயும் சிரிப்பான். எனக்கு வேண்டாம்."

உங்களுக்கு அவன் மேல் உண்மையில் பிரியம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். இனிமேல் அவன் ஆடும் இடத்துக்கு நீங்கள் வராதீர்கள்.

ராயப்பன்


உ

ஓலப்பாளையம்,
16.10.1979

ராயப்பா,

திரு. போட்டு, அவர்கள் போட்டு வந்திருந்தது. வேறு யார் கடிதமோ என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என்ன ஆட்டம் என்றே கேட்காமல் பேர் கொடுத்தது நீ. அதை ஒரு வரியில் முடித்துவிட்டாய். என் வாய்க்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். பேட்மிண்டன், பேட்மிண்டன் என்று நாம் இத்தனை வருசம் சொன்னது அவர்களுக்குப் பேட்மிண்டன் இல்லையாம். அதற்கு நான் என்ன செய்வேன்?

நாம் உள்ளே போனதிலிருந்து அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நம் ட்ரவுசரைப் பார்த்து, நம் பந்தைப் பார்த்து. அவர்களாகச் சிரித்தால் அது கேலி. நான் ஒன்றைச் சொல்லி, அதற்குச் சிரித்தால் அது தமாஷ். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், மற்ற நாலு பேரை விட்டுவிடட்டும் என்றுதான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். மருதாசலம் ஆடும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. அது மட்டும்தான் ராயப்பா. அவர்கள் வாயை மூடிவிட்டார்கள், நான் மூடவில்லை.

அவன் என் மேல் கோபமாக இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். "முட்ட வெச்சுரும்ங்கறீங்களே மாமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அத்தனூர் நிறுத்தம் வந்ததும் நிறுத்திவிட்டான். அப்புறம் ராசிபுரம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

மானேஜரிடம் என்னைக் கூட்டிப் போ. காலில் விழச் சொன்னால் விழுகிறேன். விழும்போது ஒன்றும் பேச மாட்டேன், சத்தியம்.

சென்னிமலை


கார்டு
சேலம்,
3.12.1979

ஸ்டோர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இனிப் பேசிப் பயனில்லை. சென்ற வாரம் நீங்கள் முட்டைக் கூடையோடு மில் கேட்டில் காத்திருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். முட்டைகளை அவரே எடுத்துக்கொள்ளட்டும். நான் உள்ளேதான் இருந்தேன்.

ராயப்பன்


உ

ஓலப்பாளையம்,
11.2.1980

ராயப்பனுக்கு,

தகவல் சொல்ல வேண்டியது என் கடமை என்று எழுதுகிறேன்.

வசந்தாமணிக்குத் தை கடைசியில் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஈரோட்டில் மாதச் சம்பளக்காரர். பாவாயி போய் மொய் வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை பாவாயியைப் பார்த்து, "சௌக்கியமாங்க்கா" என்று மட்டும் கேட்டதாம்.

அன்றைக்கே மருதாசலம் திருச்செங்கோடு போய்விட்டான். போர் போடுகிற ரிக் வண்டியில் ஆள் எடுத்தார்கள். ஆந்திராவுக்குப் போகிற வண்டி. கிளம்பும்போது, "வாரேனுங் மாமா" என்றான். சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்க்கிறான். எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணி இல்லாதவன் அடுத்த ராச்சியத்துக்குத் தண்ணி எடுக்கப் போகிறான். சொல்ல எனக்கு இல்லாத பேச்சா? உன் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. "பாத்துப் போ" என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பாவாயி சோறு போடுகிறாள். என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்கிறாள். "தண்ணி காஞ்சிருச்சு, குளிக்கறவிய குளிக்கலாம்" என்று சேவலைப் பார்த்துச் சொன்னால் நான் எழுந்து போக வேண்டும். வேறு சமயமாக இருந்தால் நான் சேவலுக்குச் சோப்பு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

வலையைக் கழற்றிக் கொட்டகைக்குக் கட்டிவிட்டேன். ஆட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஆள் இல்லை என்றேன்.

நீ எழுதினது சரிதான். அப்படியே நடந்துகொள்கிறேன்.

சென்னிமலை


சே. ம. சூ.

ஃபேர்லேண்ட்ஸ்,
சேலம்,
18.7.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு மாறிவிட்டோம். விலாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத உட்காரும்போதெல்லாம் மேலே என்ன போட்டு அழைப்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இன்று மருதாசலம் வந்துவிட்டுப் போனான். அதனால் எழுதுகிறேன்.

கறுத்துவிட்டான். தோள் அகன்றிருக்கிறது. ரிக் வண்டி பழுதாகித் திருச்செங்கோட்டில் நிற்கிறதாம். கையில் ஷட்டில் மட்டை வைத்திருந்தான். ஆந்திராவில் வண்டி முதலாளியின் கிடங்கில் வலை கட்டி ஆடுவார்களாம். "அன்னைக்கு அந்த எறகு எங்கையில நின்னுச்சில்லீங்கண்ணா, அது மறக்கவே இல்லீங்" என்றான். வருகிற அக்டோபரில் மறுபடியும் விளையாட்டு விழா. திருச்செங்கோடு ரிக்காரர்கள் குழுவில் அவனும் ஒருவன். அதே அரங்கம்.

ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "அத்தனூரு வழியாத்தானுங்களே பஸ்ஸு போவுது" என்றான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மாமா எப்புடி இருக்கறாருங்? அதே தமாஷ்தானுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடைசிக் கடிதத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னதற்கு ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அன்புத் தம்பி,
ராயப்பன்


கார்டு
ஓலப்பாளையம்,
2.8.1981

ராயப்பா,

நல்ல சேதி. பாவாயிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோழியைப் பார்த்து, "எந்தம்பி ஒடம்பு தேறீருக்கறானாம்" என்றாள்.

நீ 79-ல் எழுதின கடிதம் பத்திரமாக இருக்கிறது. மாற்றி எழுதுகிற உத்தேசம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் குற்றமில்லை. அவனிடம் நான் கேட்டதாகச் சொல்லு.

சென்னிமலை


சே. ம. சூ.

சேலம்,
12.10.1981

அன்புள்ள அண்ணா,

உங்கள் கார்டு என் மேசையில் இரண்டு மாதமாக இருக்கிறது. "வாருங்கள்" என்று ஒரு சொல் எழுதினால் போதும். இன்லேண்டு வாங்கினேன். ஸ்டோரில் சரக்குக் கணக்கு, அன்னாளுக்குக் காய்ச்சல், நாளைக்கு எழுதலாம் என்று நாளைக் கடத்தினேன். உண்மையைச் சொன்னால், எழுதினால் நான் முன்னால் எழுதியது தப்பு என்று ஆகிவிடும். அதுதான் கையைப் பிடித்தது.

நேற்று ஆட்டம் நடந்தது. ஆண்கள் குழுவின் கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமமாக வந்து, மருதாசலத்தின் ஆட்டத்தில்தான் முடிவு என்று நின்றது. நான் காலரியில், எங்கள் மானேஜருக்குப் பக்கத்தில்.

மூன்றாவது ஆட்டம், பதினான்கு, பதின்மூன்று. சர்வீஸ் அவன் கையில். அரங்கம் அன்றைக்குப் போலவே அடங்கிப் போயிற்று. அவன் கையை எடுத்தான். எடுத்தவன் இறக்கிவிட்டான். நாம் அன்று உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பிறகு காலரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தான். அண்ணா, அவன் உதட்டில் சிரிப்பு தயாராக இருந்தது. ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்த வாக்கியம் முழுதாகத் தெரியும். நானே எழுந்து கத்தியிருக்கலாம். பக்கத்தில் மானேஜர். வாய் திறக்கவில்லை.

நடுவர் கையைக் காட்டினார். அவன் உதட்டை மூடிக்கொண்டு சர்வீஸ் போட்டான். ஜெயித்தான். கோப்பையும் வாங்கினார்கள். எல்லோரும் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவன் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மாமா வரலீங்களா?"

"இல்லப்பா" என்றேன்.

"வராம இருக்க மாட்டாருங்களே" என்றான். நான் எழுதிய கடிதத்தைப் பற்றி அப்போதுகூட அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். லாரி வாசலிலேயே நின்றது. எந்த ஊருக்கு என்று கேட்டேன். "தண்ணி எங்க ஆழத்துல கெடக்குதோ அங்கீங்க" என்று சொல்லி ஏறிவிட்டான். மானேஜர் என் தோளைத் தட்டி, "நல்ல ஆளுய்யா, அன்னைக்கே எடுத்திருக்கலாம்" என்றார்.

நீங்கள் வந்திருக்கலாம் அண்ணா. நான் கூப்பிட்டிருக்கலாம்.

ராயப்பன்


உ
சே. ம. சூ.

ஓலப்பாளையம்,
17.10.1981

ராயப்பா, சாமி,

நான் வந்திருந்தேன்.

காலரிக்குக் கீழே, கடலைக்காரன் கூடை வைத்திருந்த தூணுக்குப் பின்னால். உன் செருப்புக் கால் என் தலைக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. புதுச் செருப்பு. அவன் ஆடுகிற இடத்துக்கு வராதே என்று எழுதியிருந்தாய். இடம் என்றால் கோட்டுக்கு உள்ளே, தூண் கோட்டுக்கு வெளியேதானே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனால் வாயை நம்பவில்லை. துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். கடலைக்காரன், "பல்லு வலிங்களா பெரியவரே?" என்று கேட்டான்.

பதினாலு, பதிமூணு. அவன் பெஞ்சைப் பார்த்ததை நானும் பார்த்தேன். காலரியைப் பார்த்ததையும் பார்த்தேன். தூண் பக்கமும் பார்வை வந்தது. முட்டை என்கிற சொல் தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்துவிட்டது சாமி. இந்தத் தடவை கெடுத்தால் அவனுக்கு ஊரும் இல்லை, ரிக்கும் இல்லை என்று துண்டைக் கடித்தேன். அவன் சிரிக்கக் காத்திருக்கிறான் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. மறுபடியும் கெடுக்க வந்திருக்கிறேனோ என்று பயந்துதான் தேடுகிறான் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. மேலே நீ, கீழே நான். ஒரே வாக்கியத்தை ரெண்டு பேரும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அவன் வெளியே வருவதற்கு முன்னால் நான் பஸ் ஏறிவிட்டேன். பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேனே என்று.

துண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. துவைக்கும்போது பாவாயி பார்த்துவிட்டு, கோழியிடம் கேட்காமல் என்னிடமே கேட்டாள். "ஏனுங்க, எலி கடிச்சுதுங்களா?" ஒண்ணரை வருசத்துக்கு மேல் கழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "ஆமா, கோழி வளக்கற எலி" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். "கத்தியிருக்கலாமில்லீங்க" என்றாள்.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மில் கேட்டில் நின்றதைக்கூட நான் மறந்துவிட்டேன். நீதான் எதையும் மறக்கவில்லை என்பது உன் கடிதத்தில் தெரிகிறது.

இன்றைக்குக் காலையில் ராசிபுரம் போய் ஒரு கார்டு வாங்கி வந்தேன். கவர் வேண்டாம். கார்டு என்றால் போகிற வழியில் போஸ்ட்மேன்கள் எல்லோரும் படித்துச் சிரிப்பார்கள், கடைசியாக அவன் சிரிக்கட்டும். "மொள்ள அடி மாப்ளே, முட்ட வெச்சுரப் போவுது." ஒரே வரிதான். கொட்டை எழுத்தில் எழுதி, கீழே என் பேரையும் போட்டாயிற்று.

திருப்பிப் பார்க்கிறேன். விலாசம் எழுதுகிற பக்கம் காலியாக இருக்கிறது. தண்ணி ஆழத்தில் கிடக்கிற ஊர் எதுவென்று உனக்குத் தெரிந்தால் எழுது.

சென்னிமலை